அணுக்களுக்கும் இடம் வேண்டும்

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வரும் மாமா ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். வரிசையைக் கண்ணால் ஒரு தடவை அளப்பார். "ஸார், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இன்னும் இரண்டு இலை போட்டுவிடலாம்" என்பார். நாமும் நகர்ந்து கொள்வோம். இரண்டு இலை போட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். மூன்றாவது இலைக்கும் இடம் பார்ப்பார். அப்போதுதான் விபரீதம் நேரும். நம் முழங்கை பக்கத்து இலைக்காரரின் விலாவில் இடிக்கும். அவருடைய ரசம் நம் வேஷ்டியில் வந்து சேரும். ஆக, பந்தியில் உட்காருவதற்கு இரண்டு அளவுகள் உண்டு. சௌகரியமாக உட்காரும் அளவு ஒன்று. நெருக்கிப் பிடித்தால் எப்படியோ உட்காரக்கூடிய அளவு மற்றொன்று. இரண்டாவதையும் மீறினால் அதற்குப் பந்தி என்று பெயரில்லை.

இதே இரண்டு அளவுகளை அணுக்களுக்கு நிர்ணயித்து, அதைக் கொண்டு உலகத்து விஞ்ஞானிகளின் கணக்கையெல்லாம் சோதிக்கக்கூடிய ஒரு தராசை 1963-ஆம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலையில் மூன்று பேர் உண்டாக்கினார்கள். அந்தக் கதையையும், அந்தத் தராசு இன்று எப்படி உபயோகப்படுகிறது என்பதையும் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் அணுவின் பருமனைத் தெரிந்துகொள்வோம். ஒரு ஸென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். ஒரு கார்பன் அணுவும் மற்றொரு கார்பன் அணுவும் ரசாயனப் பிணைப்பினால் கைகோத்துக் கொண்டால் அவற்றின் நடுவே உள்ள தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஆனால் கைகோக்காத இரண்டு கார்பன் அணுக்கள், வெறுமனே அண்டை வீட்டாராக இருப்பவை, அவ்வளவு நெருங்க மாட்டா. சாதாரணமாக 3.4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நின்றுவிடும். அதற்குச் சற்று வெளியே இருந்தால் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். உள்ளே வந்தால் பலமாகத் தள்ளும். அணுக்களுக்கும் கூறுகளுக்கும் இப்படிச் சொந்தப் பருமன் உண்டு என்பதை 1873-இல் கணக்கில் சேர்த்தவர் வான் டெர் வால்ஸ் என்ற டச்சுக்காரர். அதனால் அணுவின் இந்தச் 'சொந்த எல்லை'க்கு அவர் பெயரையே வைத்து, கார்பனுக்கு 1.7, ஆக்ஸிஜனுக்குச் சுமார் 1.5, ஹைட்ரஜனுக்குச் சுமார் 1.2 ஆங்ஸ்ட்ராம் ஆரம் என்று வழங்குகிறார்கள்.

இனிக் கதைக்கு வருவோம். 1952-இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிக சாஸ்திரத் தலைவராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் பயின்றவர், பிறகு கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர். ஸ்படிகங்களின் வழியே எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்திலிருந்து உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை அறிவது அவருடைய தொழில். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி, கொல்லாஜென் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக இருப்பது இந்தக் கொல்லாஜென்தான். நம் உடலிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுவே. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே கங்காரு வால் தசைநார் கிடைத்தது! ஆஸ்திரேலியக் கங்காருவின் வால், கிண்டியில் ஆராய்ச்சிக்கு உதவியது.

ராமச்சந்திரனும் அவருடன் வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' பத்திரிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கொல்லாஜென் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு செல்லும் முப்புரிக் கயிறு என்பது அவர்களுடைய கொள்கை. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் மிக நேர்த்தியானது. கொல்லாஜென் இழையில் மூன்று கண்ணிகளுக்கு ஒரு கண்ணி தவறாமல் கிளைஸின் என்ற அமினோ அமிலமாக இருக்கிறது. மற்ற அமினோ அமிலங்களுக்கெல்லாம் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. கிளைஸினுக்கு அந்த இடத்தில் ஒற்றை ஹைட்ரஜன் அணு மாத்திரமே. மூன்று இழைகளை முறுக்கினால் ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஒரு கண்ணி கயிற்றின் நட்டநடுவே வந்து சேரும். அங்கே ஒரு ஹைட்ரஜனுக்குத்தான் இடம். ஆகையால்தான் அந்த ஸ்தானத்தில் எப்போதும் கிளைஸின்!

மறுப்பும் உடனே வந்தது. மறுத்தவர்களில் ஒருவர், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை 1953-இல் வாட்ஸனுடன் சேர்ந்து வெளியிட்ட கிரிக்; மற்றவர் அலெக்ஸாண்டர் ரிச். முப்புரி என்பதை அவர்கள் மறுக்கவில்லை. சென்னை மாதிரியில் மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. அப்படி வைத்தால் சில அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அளவுக்கு மீறி நெருங்குகின்றன, ஆகவே ஒரு பிணைப்புத்தான் சாத்தியம் என்பது அவர்களுடைய வாதம். ரத்தினச் சுருக்கமாகச் சொன்னால்: "உங்கள் பந்தியில் முழங்கை இடிக்கிறது!"

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? கோபித்துக் கொண்டிருப்போம், அல்லது பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சும்மா இருந்திருப்போம். ராமச்சந்திரன் வேறொரு கேள்வி கேட்டார். 'அளவுக்கு மீறிய நெருக்கம்' என்கிறார்களே, அந்த அளவு என்ன? அதை யார், எங்கே நிர்ணயித்தார்கள்? தேடிப் பார்த்ததில், எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஆகவே அதைத் தாமே கண்டுபிடிக்கத் தீர்மானித்தார்.

அவரும் மாணவர் வி. சசிசேகரனும், அதுவரை உலகில் நன்றாக ஆராயப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகளின் ஸ்படிக விவரங்களையெல்லாம் எடுத்துவைத்துக் கொண்டார்கள். பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கின்றன என்று ஜோடி ஜோடியாகக் குறித்தார்கள். அந்தக் குறிப்பிலிருந்து பிறந்தவைதான் இரண்டு எல்லைகள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 2.8, கடைசி எல்லை 2.7. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. இப்படி ஒரு சிறிய அட்டவணை. ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

அட்டவணை கையில் கிடைத்தவுடன் கொல்லாஜெனோடு நிற்காமல், எந்தப் புரதத்துக்கும் பொருந்தும்படி கேள்வியை விரித்தார்கள். சி. ராமகிருஷ்ணனும் இதில் சேர்ந்து கொண்டார். புரத இழையை ஒரு சீட்டுக்கட்டுச் சங்கிலி என்று எண்ணிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டும் தட்டையானது, வளையாதது. இதை பாலிங்கும் கோரியும் 1951-க்குள் ஸ்தாபித்திருந்தார்கள். சீட்டுகள் மூலைக்கு மூலை ஓர் ஆணியால் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆணியின் ஸ்தானத்தில் இருப்பது ஒரு கார்பன் அணு. அதன் இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் தத்தம் அச்சில் சுழலலாம். ஆகவே ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு கோணங்கள். புரதத்தின் முதுகெலும்பு எப்படி வளைந்து செல்லும் என்பது முழுவதும் இந்தக் கோணங்களின் கைங்கரியம்.

ஒவ்வொரு கோணமும் 360 பாகை வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமா? அட்டவணையைக் கேட்டார்கள். முதல் கோணத்தை ஒரு நிலையில் வைத்து, இரண்டாவதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணு ஜோடிகளின் தூரத்தையும் கணக்கிட்டார்கள். பிறகு முதல் கோணத்தை மாற்றி, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும் வேலை அது. அப்போதோ மேஜைமேல் வைக்கும் கணக்கு யந்திரமும், மனிதர்களின் பொறுமையும்தான் மூலதனம்.

முடிவை ஒரு சதுரப் படமாக வரைந்தார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு இடம் சமுத்திரமாகிவிட்டது. அங்கே இறங்கினால் ஏதாவது இரண்டு அணுக்கள் முட்டிக்கொள்ளும். மிச்சமிருந்த சில தீவுகளில்தான் புரதம் வசிக்கலாம். பாலிங் கண்ட ஆல்பாச் சுருள் ஒரு தீவில் இருந்தது. பீட்டா விரிப்பு இன்னொன்றில். கொல்லாஜெனும் கரையில்தான் இருந்தது. கிளையில்லாத கிளைஸினுக்கு மாத்திரம் நிலப்பரப்பு அதிகம். இந்தப் படத்தையும் அதன் விளக்கத்தையும் 1963-இல் 'மூலக்கூறு உயிரியல் சஞ்சிகை' ஐந்தே பக்கத்தில் வெளியிட்டது. அதற்கு இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் படம் என்று பெயர். ஜீவ ரசாயனப் பாடப் புத்தகம் எந்தப் பாஷையில் எழுதப்பட்டாலும் அதில் அந்தப் படம் இருக்கும்.

கொல்லாஜென் வழக்கின் தீர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். சுதேசாபிமானத்தினால் அதை மறைப்பது நியாயமல்ல. 1994-இல் கொல்லாஜென் போன்ற ஒரு சிறு இழையின் ஸ்படிகம் மிகத் தெளிவாக ஆராயப்பட்டது. முப்புரி உண்மை, நடுவிலே கிளைஸின் என்பதும் உண்மை. ஆனால் மூன்று கண்ணிகளுக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. அந்த அம்சத்தில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே சரி. கயிற்றைச் சுற்றித் தண்ணீர்க் கூறுகள் வலைபோல் பிணைப்புகளைப் பின்னியிருந்தன. அந்த வழக்கில் பாதி தோற்றதனால்தான் நமக்கு ராமச்சந்திரன் படம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 1994-ஆம் வருஷத்துச் ஸ்படிகத்தில் மற்றொரு விசேஷம் உண்டு. வேண்டுமென்றே ஒரு கிளைஸினை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்தபடி மிகச் சிறியதான அலனினை வைத்திருந்தார்கள். ஹைட்ரஜன் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்! முட்டிக்கொண்டதா? இல்லை. இயற்கையில் அணுக்கள் முட்டிக்கொள்வதே இல்லை; முட்டிக்கொள்வதெல்லாம் மனிதன் கட்டும் மாதிரிகளில்தான். நிஜமான இழைகள் அந்த இடத்தில் சற்றே விலகி வழிவிட்டன. ஆனால் விலகியதன் கிரயமாக அங்கே நேரடிப் பிணைப்புகள் அறுந்தன. இடைவெளியில் தண்ணீர் புகுந்தது.

பரம்பரையாக வரும் எலும்பு நொறுங்கும் வியாதி ஒன்று இருக்கிறது. அதனால் பீடிக்கப்பட்டவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்: ஆயிரம் கண்ணிகளுக்கு மேற்பட்ட கொல்லாஜென் இழையில், ஏதோ ஓரிடத்தில், ஒரு கிளைஸினுக்குப் பதில் பெரிய கண்ணி ஒன்று வந்து உட்கார்ந்து விட்டது. எந்த இடத்தில், எந்தக் கண்ணி என்பதைப் பொறுத்து வியாதியின் கடுமை மாறுகிறது. சிலர் அடிக்கடி எலும்பு முறிவுடன் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். மிகக் கடுமையான வகையில், குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே எலும்புகள் முறிந்துவிடுகின்றன, பிறந்தும் தங்குவதில்லை. ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மாத்திரம் இடமுள்ள மூலையில் அதைவிடப் பெரியது நுழைந்ததன் பலன் இது. அணுக்களின் இடைவெளியை அளப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், இந்தக் குழந்தைகளை நினைத்துக் கொள்ளலாம்.

இப்போது சோதனை செய்யும் முறையைப் பார்ப்போம். எக்ஸ் கிரணமோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியோ நமக்கு அணுக்களை நேராகக் காட்டுவதில்லை. மேகம் போன்ற ஒரு படத்தைத்தான் கொடுக்கிறது. அந்த மேகத்துக்குள் இழை இப்படிப் போகிறது என்று மனிதன் ஊகித்து மாதிரி கட்டுகிறான். மேகம் தெளிவாக இருந்தால் ஊகம் சரியாக இருக்கும். மங்கலாக இருந்தால் ஆசைதான் ஊகமாகிவிடும்.

இதில் பெரிய சங்கடம் ஹைட்ரஜன். புரதத்திலுள்ள அணுக்களில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன்கள். ஆனால் அவற்றிடம் எலெக்ட்ரான் ஒன்றே ஒன்று இருப்பதால் எக்ஸ் கிரணப் படத்தில் அநேகமாகத் தென்படுவதில்லை. வெகுகாலம் வரை அவற்றை விட்டுவிட்டே மாதிரி கட்டினார்கள். பந்தியில் மடிக் குழந்தைகளை எண்ணாமல் இலை போடுவது போலத்தான். இலை சரியாக இருக்கும். உட்கார்ந்த பிறகு இடம் போதாது. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸன் தம்பதிகளும் அவர்களுடைய சகாக்களும் 1999-இல் இதற்குப் பரிகாரம் கண்டார்கள். ஹைட்ரஜன்களை உரிய இடங்களில் கணக்கின் மூலம் சேர்த்துவிட்டு, 0.25 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கற்பனைக் கோலிக்குண்டு ஒன்றை ஒவ்வோர் அணுவின் மேலும் உருட்டிப் பார்ப்பது அவர்களுடைய முறை. அணுக்கள் இதமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சைப் புள்ளிகள் விழும். ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று 0.4 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாமல் புகுந்திருந்தால் அது மோதல். அங்கே ரோஜா நிறத்தில் முட்கள் கிளம்பும். ஆயிரம் அணுவுக்கு எத்தனை மோதல் என்று எண்ணினால் அதுவே அந்த மாதிரியின் மோதல் எண். 3000 அணுக்களுள்ள மாதிரியில் 15 மோதல் இருந்தால் எண் 5. குறையக் குறைய நல்லது.

கணக்கிடும்போது நிதானம் தேவை. கைகோத்திருக்கும் அணுக்களையும், இரண்டு மூன்று பிணைப்பு தள்ளி இருப்பவற்றையும் மோதலாக எண்ணக் கூடாது, அவை உறவினர்கள். ஹைட்ரஜன் பிணைப்பில் இருப்பவையும் சாதாரண எல்லையைவிட நெருங்கலாம். துத்தநாக அணுவைப் பற்றியிருக்கும் கந்தக அணு 2.3 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். விஷயம் தெரியாத யந்திரம் அதையும் மோதல் என்று கூச்சலிடும். சில கிளைகள் பாதி நேரம் ஒரு நிலையிலும் பாதி நேரம் வேறொரு நிலையிலும் இருப்பதால் இரண்டையும் மாதிரியில் எழுதியிருப்பார்கள். ஒரே மனிதனின் இரண்டு புகைப்படங்கள் சண்டை போடுகின்றன என்று சொல்ல முடியுமா?

இந்தச் சோதனையினால் விளைந்த நன்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அஸ்பராஜின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் கிளை நுனியில் ஒரு பக்கம் ஆக்ஸிஜன், மறுபக்கம் நைட்ரஜன் இருக்கின்றன. ஒன்றில் 8 எலெக்ட்ரான், மற்றதில் 7. எக்ஸ் கிரணத்துக்கு இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே தெரியும். எது எது என்று எப்படிச் சொல்வது? நைட்ரஜன் தன்னோடு இரண்டு ஹைட்ரஜன்களை அழைத்து வரும். ஆக்ஸிஜன் தனி ஆள். ஹைட்ரஜன்களைச் சேர்த்துப் பார்த்தால், தலைகீழாக வைத்த கிளையில் அவை பக்கத்து அணுவோடு முட்டிக்கொள்ளும். கிளையை 180 பாகை திருப்பினால் முட்டல் தீர்ந்து, பெரும்பாலும் ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பும் கிடைக்கும். மருந்து ஒன்று போய் ஒட்ட வேண்டிய பள்ளத்தில் இந்தக் கிளை இருந்து, அதைத் தலைகீழாக வைத்திருந்தால், மருந்து தேடுபவர்கள் இல்லாத பூட்டுக்குச் சாவி செய்து கொண்டிருப்பார்கள்.

நெருக்கம் மட்டுமல்ல, அளவுக்கு மீறிய விலகலும் சாட்சி சொல்லும். 2006-இல் நோய்த் தடுப்பில் பங்குகொள்ளும் ஒரு புரதத்தின் அமைப்பு 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. ஸ்படிகத்தில் கூறுகள் ஒன்றையொன்று தொட்டு அடுக்கியிருந்தால்தானே ஸ்படிகம் நிற்கும்? இதிலோ ஒரு திசையில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே தொடர்பே இல்லாத வெற்றிடம். தூணில்லாமல் மாடி அந்தரத்தில் தொங்குவது போல! அடுத்த வருஷமே வேறு ஆராய்ச்சியாளர்கள் இதையும் இன்னும் சில முரண்களையும் எடுத்துக் காட்டினார்கள். விசாரணைகளெல்லாம் நடந்து, பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கட்டுரை வாபஸ் ஆயிற்று.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மோதல் எண் நன்றாக இருப்பதால் மாதிரி சரி என்று ஆகிவிடாது. இக்காலத்துக் கணக்கு முறைகள் முட்டிக்கொள்ளும் அணுக்களைத் தாமாகவே சற்றுத் தள்ளி வைத்து எண்ணைக் குறைத்துவிடும்; இழை தவறான பாதையில் போவது அப்படியே இருக்கும். பரீட்சைக்கு வரும் கேள்வியை மாத்திரம் நெட்டுருப் போட்ட மாணவனைப் போல. ராமச்சந்திரன் படத்துக்குப் பெருமதிப்பு ஏற்பட்டதற்கும் இதுவே காரணம். நெடுங்காலம் மாதிரி கட்டுவோர் அந்தக் கோணங்களை நேரடியாகத் திருத்துவதில்லை. ஆகவே அந்தச் சாட்சியை முன்கூட்டித் தயார் செய்ய முடியவில்லை.

சமீப காலத்தில் மேகப் படமே இல்லாமல், அமினோ அமிலங்களின் வரிசையை மாத்திரம் கொண்டு புரதத்தின் வடிவத்தைச் சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றில் புகழ் பெற்றது ஆல்ஃபாஃபோல்ட். அதை உண்டாக்கியவர்களுக்கு 2024-இல் ரசாயன நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதன் 2021-ஆம் வருஷத்துப் பதிப்பு, வடிவத்தைச் சொன்ன பிறகு, கடைசிப் படியாக மோதல்களை நீக்கும் கணக்கு ஒன்றைத் தனியே செய்தது. 2024-இல் வந்த பதிப்போ, சில சமயங்களில், முக்கியமாகப் பெரிய கூட்டமைப்புகளில், அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுவதுண்டு என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால் இதை நேரில் பார்க்கலாம். 1971-இல் ஏழே அமைப்புகளுடன் ஆரம்பமான புரதத் தரவுக் களஞ்சியத்தில் 2023-ஆம் வருஷத் தொடக்கத்திலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக் கொள்ளலாம். ஒவ்வொன்றுடனும் ஒரு சோதனை அறிக்கை இருக்கும். அதில் மோதல் எண்ணும், மோதும் ஜோடிகளின் ஜாபிதாவும், ராமச்சந்திரன் படத்தில் சமுத்திரத்தில் விழுந்த கண்ணிகளின் பெயரும் கண்டிருக்கும். ஒவ்வோர் அணுவின் ஸ்தானத்துக்கும் மூன்று எண்கள் கொடுத்திருப்பார்கள். ஜாபிதாவில் முதலில் உள்ள ஜோடியை எடுத்துக்கொண்டு, எண்ணுக்கு எண் கழித்து, வர்க்கம் செய்து, மூன்றையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் தூரம் கிடைத்துவிடும். இதற்கு ஒரு பென்ஸிலும் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கமும் போதும். அந்தத் தூரத்தை இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையிலிருந்து கழியுங்கள். 0.4-க்கு மேல் மிஞ்சினால், அந்த மாதிரியைக் கட்டியவர் அந்த மூலையில் எதையோ சரியாகப் பார்க்கவில்லை.